பூசானை நோக்கி ஓடிய இரயில்

கொரியத் தீபகற்பத்தின் தென்கிழக்குக் கோடியில், மலையும் கடலும் நெருங்கி நிற்கும் ஓரிடத்தில், பூசான் என்னும் துறைமுக நகரம் அமைந்திருக்கிறது. தலைநகராகிய சியோலிலிருந்து அந்நகரத்திற்குச் செல்லும் இருப்புப்பாதை 1905-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தேஜோன், தேகு என்னும் நகரங்களைத் தொட்டுக்கொண்டு, ஏறத்தாழ 440 கிலோமீட்டர் தொலைவு அது செல்கிறது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அதே திசையில் அதிவேக மின்சார இரயில்களும் ஓடுகின்றன. ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் தேடுவது நம் வழக்கம். ஆனால், தென் கொரிய மக்களின் துயர வரலாற்றை அறிய விரும்புவோர் இந்த இருப்புப்பாதையின் வழியே ஒருமுறை மனத்தால் பயணம் செய்தாலே போதும்.

அத்தகைய பயணம் ஒன்றைத்தான், 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பூசானுக்குச் செல்லும் இரயில்' என்னும் கொரியத் திரைப்படம் நமக்குக் காட்டுகிறது. யோன் சாங்-ஹோ என்பவர் அதனை இயக்கினார். அவ்வாண்டு மே மாதம் பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவில் நள்ளிரவுக் காட்சியாக அது முதன்முதல் திரையிடப்பெற்றது. பிறகு, சுமார் 5 கோடி மக்கள் வாழும் தென் கொரியாவில் 1 கோடியே 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அரங்குகளுக்குச் சென்று அதனைக் கண்டனர். வெளித்தோற்றத்தில் அது ஒரு திகில் படம், நடைப்பிணங்களின் கதை. அறிவுடையோர் பலர் இத்தகைய படங்களை ஏறெடுத்தும் பாரார். ஆயினும், ஒரு நாட்டு மக்கள் இத்துணைப் பெருந்திரளாகச் சென்று கண்ட கதையை வரலாற்று மாணவர் புறக்கணித்தல் தகாது. மக்கள் எதற்கு அஞ்சுகின்றனர் என்பதும், அவ்வச்சத்தினிடையே எதனைப் போற்றுகின்றனர் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே அன்றோ?

முதலில் கதையைச் சுருக்கமாகக் காண்போம். சியோல் நகரில் பணமுதலீட்டு நிறுவனம் ஒன்றில் உயர்பதவி வகிப்பவன் சொக்-ஊ. மனைவியைப் பிரிந்து வாழ்பவன், ஓய்வறியாத உழைப்பாளி, தன் ஒரே மகள் சு-ஆனுடன் அமர்ந்து பேசவும் நேரமில்லாதவன். மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது. பூசானிலுள்ள தாயிடம் தன்னை அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே அவள் வேண்டுகோள். மனமின்றியே தந்தை இசைகிறான். விடியற்காலையில் இருவரும் இரயில் ஏறுகின்றனர். வண்டி புறப்படும் அந்த நொடியில், கொடிய நச்சுக்கிருமி தீண்டிய இளம்பெண் ஒருத்தியும் உள்ளே நுழைந்துவிடுகிறாள். கடியுண்டவர் சிறிது நேரத்தில் அறிவிழந்து, தாமும் பிறரைக் கடிக்கப் பாய்கின்றனர். ஓடும் இரயிலிலிருந்து எங்கே தப்பி ஓடுவது? பெட்டிக்குப் பெட்டி கேடு பரவுகிறது. வழியிலுள்ள நகரங்கள் ஒவ்வொன்றாக வீழ்கின்றன. பூசான் மட்டுமே காக்கப்பட்டிருக்கிறது என்னும் செய்தி வருகிறது. கதை இவ்வளவே.

நம் தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் களங்களையும் வகுத்துரைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் தலைவர் என்பன அவை. நடைப்பிணக் கதைகளில் இந்நான்கினும் வேறான ஓர் அச்சம் இருக்கிறது. நேற்றுவரை நம்முடன் உண்டு உறங்கியவர், இன்று நம்மை அறியாதவராய் நம்மீதே பாய்கிறார் என்பதே அது. தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் பகையாய் மாறக்கூடும் என்றால், யாரை நம்பிக் கதவைத் திறப்பது? இக்கேள்வியே இத்தகைய கதைகளின் உயிர்நாடி.

இக்கேள்விக்கு முன்னோர் தந்த விடை வேறு. 1968-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ரொமேரோ என்னும் அமெரிக்கர் 'உயிருள்ள பிணங்களின் இரவு' என்னும் படத்தை எடுத்தார். இக்கால நடைப்பிணப் படங்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி. அதிலும் ஒரு குடும்பம் வருகிறது. தந்தை ஒருவன் தன் மனைவியையும் நோயுற்ற மகளையும் ஒரு பண்ணைவீட்டின் நிலவறையில் வைத்துப் பூட்டிக்கொள்ளத் துடிக்கிறான். மேலே போராடும் பிறரைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. முடிவில் அந்த நிலவறையிலேயே மகள் நடைப்பிணமாய் எழுந்து தாயைக் கொல்கிறாள். பூட்டிய கதவு அக்குடும்பத்தைக் காக்கவில்லை. வியத்நாம் போரும் இனப்பூசலும் அமெரிக்கச் சமுதாயத்தைப் பிளந்துகொண்டிருந்த காலத்தில் வந்த அப்படத்தில், நம்பிக்கைக்கு இடமே இல்லை. கொரியப் படமோ அதே அச்சத்திலிருந்து புறப்பட்டு வேறொரு விடையை அடைகிறது. ஏன் என்பதை உணர, அந்நாட்டு மக்கள் முன்பு ஒருமுறை இதே வழியில் ஓடிய கதையை நாம் அறிதல் வேண்டும்.

1950-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் விடியற்காலையில் வட கொரியப் படைகள் எல்லையைக் கடந்தன. மூன்றே நாட்களில் சியோல் வீழ்ந்தது. அதற்கு முன்பே குடியரசுத் தலைவர் சிங்மன் ரீ தலைநகரை விட்டுத் தெற்கே சென்றுவிட்டார். ஆனால், மக்கள் கலங்கவேண்டுவதில்லை என்னும் பொருள்பட அவர் பேசிய பதிவு வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்தது. அக்குரலை நம்பி வீட்டிலிருந்தோர் பலர். நம்பாமல் புறப்பட்டோர் ஹான் ஆற்றுப் பாலத்தின்மேல் நெருக்கியடித்துச் சென்றுகொண்டிருந்தனர். ஜூன் 28-ஆம் நாள் பின்னிரவில், பகைவர் கடவாதிருக்கும்பொருட்டு, முன்னறிவிப்பின்றி அப்பாலம் தகர்க்கப்பட்டது. பாலத்தின்மேல் இருந்தோர் பலர் மாண்டனர். வடகரையில் நின்ற படைவீரரும் குடிமக்களும் வழியற்றுப் போயினர். காப்பதற்கென்று மூடிய கதவு, காக்கப்படவேண்டியவர்களையே வெளியில் நிறுத்திவிட்டது.

அரசு முதலில் தேஜோனுக்குச் சென்றது. ஜூலையில் அதுவும் வீழ்ந்தது. தேகுவிற்குச் சென்றது; ஆகஸ்டில் அங்கிருந்தும் புறப்பட்டுப் பூசானை அடைந்தது. மக்களும் அதே வழியில் நடந்தனர். இரயிலில் இடம் கிடைத்தவர் பேறு பெற்றவர். பெட்டியின் உள்ளே இடமில்லாதவர் கூரைமேல் ஏறினர். குழந்தைகளை முதுகோடு கட்டிக்கொண்டு, மூட்டைகளைப் பற்றிக்கொண்டு சென்றனர். இளைஞர்களே! படத்தில் வரும் நிலையங்களின் பெயர்களை இப்போது நினைத்துப் பாருங்கள். தேஜோனில் இறங்கலாம் என்று நம்புகின்றனர். அங்கே காவல் புரியவேண்டிய படைவீரரே நடைப்பிணங்களாகி எதிர்ப்படுகின்றனர். கிழக்குத் தேகு நிலையத்தில் பாதை அடைபட்டுக் கிடக்கிறது. எஞ்சிய ஒரே புகலிடம் பூசான். கொரிய முதியோர் ஒருவர் அரங்கிலமர்ந்து இதனைக் காணும்போது, அவருக்கு இது கற்பனையாக மட்டுமா தோன்றியிருக்கும்?

1950 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நாக்டோங் ஆற்றை அரணாகக் கொண்டு, பூசானைச் சுற்றிய சிறு நிலப்பகுதி மட்டும் காக்கப்பட்டது. செப்டம்பர் 15-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் படை இன்சோனில் இறங்கியதால் போரின் போக்கு மாறியது. சீனப் படைகள் வந்தபின் மீண்டும் மாறியது. 1951 ஜனவரியில் சியோல் இரண்டாம் முறையாக வீழ்ந்தது. அகதிகள் மேலும் மேலும் பூசானில் குவிந்தனர். மலைச்சரிவுகளில் பலகைக் குடிசைகள் எழுந்தன. அமி-தோங் என்னும் பகுதியில் ஜப்பானியர் ஆட்சிக்காலத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருந்தது. தங்க இடமற்றோர் அதன்மேலேயே குடில் அமைத்தனர். கல்லறைக் கற்களே அடித்தளமாகவும் படிக்கட்டாகவும் ஆயின. அக்கற்களில் சிலவற்றை இன்றும் அங்கே காணலாம். நகரின் யோங்தோ பாலமோ பிரிந்தோர் கூடும் இடமாயிற்று. "வழியில் பிரிய நேர்ந்தால் பூசானில் பாலத்தருகே வந்து நில்" என்று சொல்லிப் பிரிந்த குடும்பங்கள் எண்ணற்றவை. அங்கே நாள்தோறும் காத்து நின்றோருக்கு நற்செய்தி சொல்லவெனக் குறிகாரர்களும் பாலத்தடியில் கூடினர்.

இருள் மிக்க இக்காலத்தில் திறந்த கதவு ஒன்றும் உண்டு. 1950 டிசம்பரில், வடகிழக்குக் கரையிலுள்ள ஹுங்நாம் துறைமுகத்திலிருந்து படைகள் கப்பலேறின. அவர்களோடு செல்ல ஏறத்தாழ 1 இலட்சம் குடிமக்கள் பனியில் காத்து நின்றனர். மெரடித் விக்டரி என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பலில் மாலுமிகளைத் தவிர 12 பயணிகளுக்கே இடம் உண்டு. அதன் தலைவர் லியோனார்ட் லாரூ, சரக்கறைகளைத் திறந்துவிடச் செய்து, ஏறத்தாழ 14,000 பேரை ஏற்றிக்கொண்டார். உணவும் நீரும் போதா. வெப்பமூட்டும் வசதியும் இல்லை. கடலில் கண்ணிவெடிகள் மிதந்தன. அப்பயணத்தில் ஓர் உயிரும் இழக்கப்படவில்லை. மாறாக, ஐந்து குழந்தைகள் பிறந்தன. டிசம்பர் 24-ஆம் நாள் கப்பல் பூசானை அடைந்தபோது, நகரம் நிரம்பிவிட்டது என்று கூறித் திருப்பியனுப்பப்பட்டது. அருகிலுள்ள கோஜே தீவில்தான் அம்மக்கள் கரையேறினர்.

நம் நாட்டவர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. இந்திய இராணுவத்தின் 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு, லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 1950 நவம்பரில் பூசானில் வந்திறங்கியது. வடக்கே பியோங்யாங் வரை சென்ற அப்பிரிவு, டிசம்பரில் எல்லோரும் பின்வாங்கியபோது, மருந்துகளையும் அறுவைக் கருவிகளையும் விட்டுச் செல்ல மனம் கொள்ளவில்லை. ஊர்திகள் போதவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த பழைய நீராவி இயந்திரம் ஒன்றைத் தேடிப்பிடித்து, வாளி வாளியாக நீர் சுமந்து ஊற்றி, தாங்களே அதனை ஓட்டித் தெற்கே வந்து சேர்ந்தனர். தன்னுயிர் காக்க ஓடும் வேளையிலும் பிறருயிர் காக்கும் கருவியைக் கைவிடாமை அன்றோ இது!

1953 ஜூலையில் போர் நின்றது. ஆனால் பிரிவு நிற்கவில்லை. முப்பதாண்டு கழித்து, 1983 ஜூன் 30-ஆம் நாள், கொரிய ஒலிபரப்புக் கழகத்தின் தொலைக்காட்சி, பிரிந்த குடும்பத்தாரைத் தேடும் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. ஓரிரு மணி நேரத்திற்கென்று திட்டமிட்ட அந்நிகழ்ச்சி, மக்கள் வெள்ளமெனத் திரண்டு வந்தமையால், நவம்பர் 14 வரை 138 நாட்கள் நீண்டது. மொத்தம் 453 மணி 45 நிமிடம் ஒளிபரப்பாயிற்று. வீட்டு முற்றத்தில் நின்ற மரம், நெற்றியிலுள்ள தழும்பு, தாய் அழைத்த செல்லப்பெயர் இவையே அடையாளங்கள். 10,189 குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அப்பதிவுகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1950-இல் வானொலிக் குரலை நம்பி இழந்தவர்கள் பலர். 1983-இல் அத்தகைய குரலொன்றே இழந்தவர்களை மீட்டுத் தந்தது. குரல் எவ்வாறு ஆளப்படுகிறது என்பதே உயிர்களின் கணக்காகிவிடும் என்பதை ஒலிபரப்புத் துறையினர் மறத்தலாகாது.

அப்பழைய பாடம் மறக்கப்பட்டதோ என்று ஐயுறத்தக்க நிகழ்ச்சி 2014-இல் நேர்ந்தது. ஏப்ரல் 16-ஆம் நாள் செவோல் என்னும் பயணிகள் கப்பல் கவிழ்ந்தது. கப்பலில் இருந்த 476 பேருள் 304 பேர் மாண்டனர். மாண்டோருள் ஏறத்தாழ 250 பேர் சுற்றுலா சென்ற ஒரே பள்ளியின் மாணவ மாணவியர். இருந்த இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கி மீண்டும் மீண்டும் கூறியது, பிள்ளைகள் கீழ்ப்படிந்தனர், கப்பல் தலைவரோ தப்பிச் சென்றார். மறு ஆண்டில் மெர்ஸ் என்னும் தொற்றுநோய் பரவி 38 பேரைக் கொண்டது. நோயாளிகள் இருந்த மருத்துவமனைகளின் பெயர்களை அரசு முதலில் வெளியிடவில்லை என்று மக்கள் சினந்தனர். இவற்றுக்குப் பின்னர் வந்த படத்தில், நாடெங்கும் தீப்பற்றி எரிகையில், அச்சம் வேண்டா என்று தொலைக்காட்சியில் ஒருவர் அறிவிக்கும் காட்சி வருகிறது. அக்காட்சி எதனை நினைவூட்டியது என்று கொரிய மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியோடு மீண்டும் அந்த இரயிலில் ஏறுவோம். மூதாட்டி ஒருத்திக்குச் சு-ஆன் தன் இருக்கையைத் தருகிறாள். இத்தகைய நேரத்தில் உன்னை மட்டுமே நீ பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தந்தை அவளைக் கடிந்துரைக்கிறான். தேஜோனில், தெரிந்த அதிகாரி ஒருவருடன் இரகசியமாகப் பேசி, தானும் மகளும் மட்டும் தப்ப வழி தேடுகிறான். மற்றவர்கள் என்னாவர் என்று மகள் கேட்கிறாள். அம்மா பிரிந்து சென்றதற்கும் இந்தத் தன்னலமே காரணம் என்று அழுகிறாள். தந்தைக்கு மகள்மேல் அன்பு இல்லையா? உண்டு. ஆனால், அந்த அன்பு மற்றெல்லார்க்கும் கதவை மூடிய அன்பு. ரொமேரோவின் நிலவறைத் தந்தையும் இத்தகையவனே. நச்சுக்கிருமி வெளிப்பட்ட தொழிற்கூடத்தைச் சரியாமல் தாங்கி நிறுத்தியது தன் நிறுவனமே என்பதும் அவனுக்குப் பின்னர்த் தெரியவருகிறது. தன் வீட்டுக்கென்று சேர்த்த செல்வம் ஊரையே எரித்துவிட்டது.

அவனை மாற்றுவன அறவுரைகள் அல்ல. உடன் வருவோரின் செயல்களே. கருவுற்ற மனைவியுடன் வந்த சாங்-ஹ்வா முரட்டுத் தோற்றத்தினன். ஆனால் அவனே அந்த இரயிலின் அரண். இருளில் நடைப்பிணங்களுக்குக் கண் தெரியாது என்பதை அறிந்துகொண்டு, குகைப்பாதை வரும்போதெல்லாம் மூச்சடக்கி ஊர்ந்து, தந்தையும் அவனும் ஓர் இளைஞனும் பெட்டி பெட்டியாகக் கடந்து தம்மவரை மீட்கச் செல்லும் பகுதி, காண்போர் நெஞ்சைத் துடிக்கவைப்பது. மீட்டுக்கொண்டு வந்தபோது, அடுத்த பெட்டியில் நலமாயிருந்தோர் கதவைத் திறக்க மறுக்கின்றனர். யோங்-சுக் என்னும் செல்வன் மற்றோரின் அச்சத்தைத் தூண்டிவிடுகிறான். அந்தத் தாமதத்தால் சாங்-ஹ்வா கடியுண்கிறான். தன் மனைவியைச் சொக்-ஊவிடம் ஒப்புவித்து, பிறக்கப்போகும் மகவுக்கு ஒரு பெயரையும் உரைத்து, கதவைத் தன் உடலால் அடைத்து நின்று மடிகிறான். யாரை எள்ளி நகையாடினார்களோ, அந்த வீடற்ற ஏழையும் பின்னொரு வேளையில் குழந்தையையும் கருவுற்ற பெண்ணையும் காக்கத் தன்னுயிரைத் தருகிறான். அவனுக்கு அவர்கள் உறவினர் அல்லர்.

இறுதியில் சொக்-ஊவின் முறை வருகிறது. கடியுண்ட அவனுக்கு எஞ்சியது ஒரு சில நிமிடங்களே. மகளையும் சாங்-ஹ்வாவின் மனைவியையும் இரயில் இயந்திரத்தின் முன்புறத்தில் அமர்த்தி, அதனை நிறுத்தும் முறையைக் கற்பித்துவிட்டு, பின்புறம் செல்கிறான். மகள் பிறந்த நாளன்று அவளைக் கையிலேந்திய நினைவு மனத்தில் எழ, புன்னகையோடு தன்னைத்தானே கீழே வீழ்த்திக்கொள்கிறான். தன் மகளை மட்டுமே காக்க நினைத்தவன், பிறன் மனைவியையும் பிறவாத மகவையும் சேர்த்துக் காத்தபின்னரே தன் மகளையும் காத்தவனாகிறான்.

பூசானின் எல்லையில் ஒரு குகைப்பாதை. இருளில் இரு உருவங்கள் நடந்து வருகின்றன. மனிதரா, நடைப்பிணங்களா என்று படைவீரருக்குத் தெரியவில்லை. சுடுமாறு ஆணை பிறக்கிறது. அப்போது ஒரு பாட்டு கேட்கிறது. பள்ளி விழாவில் தந்தைக்கென்று பாடத் தொடங்கி, அவன் வாராமையால் பாதியில் நிறுத்திய விடைபெறும் பாடலை, அழுதுகொண்டே சு-ஆன் பாடுகிறாள். துப்பாக்கிகள் தாழ்கின்றன. நடைப்பிணம் பாடாது; இழந்தவரை நினைந்து அழாது. முகம் தெரியாத இருளில் மனிதரை மனிதர் என்று காட்டியது அந்தக் குரலே. 1983-இல் தழும்பையும் செல்லப்பெயரையும் கொண்டு ஒருவரையொருவர் அறிந்த மக்களுக்கு, இம்முடிவு எத்துணை நெருக்கமானது!

தொல்காப்பியர் பெருமிதம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் களங்களுள் கொடையையும் ஒன்றாக வைத்தார். பொருளைக் கொடுத்தலினும் உயிரைக் கொடுத்தல் பெரிது. அச்சத்தில் தொடங்கிப் பெருமிதத்தில் முடிவதனாலேயே இப்படம் வெறும் திகில் படமாக நின்றுவிடவில்லை. வரலாறும் அதனையே கூறுகிறது. தம் மக்களைக் காப்பதாக எண்ணிப் பாலத்தைத் தகர்த்தவர்களும் இருந்தனர்; பன்னிருவர்க்குரிய கப்பலில் பதினாலாயிரவரை ஏற்றியவர்களும் இருந்தனர். இருவரும் அஞ்சியவரே, ஆனால், ஒருவர் அச்சம் கதவை மூடியது, மற்றவர் அன்பு கதவைத் திறந்தது.

குடும்பப் பாசம் மனிதனின் முதற்பள்ளி. அது முடிந்த பள்ளியன்று. தன் பிள்ளையின் முகத்தில் பிறர் பிள்ளையைக் காணக் கற்றவனே அப்பள்ளியில் தேறியவன். கொள்ளைநோயும் போரும் வெள்ளமும் எந்நாட்டுக்கும் வரக்கூடியவை. அந்நாளில் ஒரு கதவின் உட்புறத்தில் நாமும் நிற்க நேரலாம். வெளியே தட்டும் ஓசையைக் கேட்டதும் நம் கை எத்திசையில் நீளும் என்பதை, அமைதியான இந்நாட்களிலேயே இளைஞர்கள் தமக்குள் முடிவு செய்துகொள்ளுதல் நன்று.